நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே

1970-ம் ஆண்டில் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘மான்ட்டி பைத்தன்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்’ என்ற ஹாஸ்யத் தொடரில் ஒரு காட்சி வருகிறது. ஒரு வஸ்துவின்மேல் இன்னொரு வஸ்துவை வைப்பதையே லட்சியமாகக் கொண்ட ஒரு சங்கத்தார் கூடிப் பேசிக் கலைகிறார்கள். முதலில் கதவைத் திறந்து வெளியே காலெடுத்து வைத்த பெரிய மனிதர், எதையோ கண்டு அரண்டவராய், வந்த வேகத்திலேயே உள்ளே ஓடி வந்துவிடுகிறார். வெளியே பகைவரும் இல்லை, வெள்ளமும் இல்லை. வெளியே இருப்பது ஃபிலிம். வேறு கதவைத் திறந்து பார்த்தால் அங்கும் ஃபிலிம்தான். நாலாபுறமும் ஃபிலிம் சூழ்ந்துகொண்டுவிட்டதே, இனித் தப்புவது எப்படி என்று அந்தக் கனவான்கள் கலங்கி நிற்கிறார்கள்.

அக்காலத்து ஆங்கிலேய ரசிகர்களுக்கு இந்தக் கேலி உடனே விளங்கியிருக்கும். ஏனெனில், பி.பி.சி. நாடகங்களில் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை ஸ்டூடியோவின் வீடியோ காமிராவிலும், தெருவிலும் தோட்டத்திலும் நடப்பவற்றை 16 மி.மீ. ஃபிலிமிலும் எடுப்பது வழக்கமாக இருந்தது. கதாபாத்திரம் வாசற்படியைத் தாண்டிய க்ஷணத்திலேயே படத்தின் தோலே மாறிவிடும். நிறம் சற்று மங்கும், மணல் தூவியதுபோல் ஒரு சொரசொரப்பு வரும். இவையெல்லாம் எவர் கண்ணுக்கும் படுகிறவை. ஆனால் இவற்றினும் ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. உள்ளே விநாடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்பட்டு நீர்போல் வழுக்கி ஓடிய சலனம், வெளியே வந்ததும் விநாடிக்கு 25 பிம்பங்களாய்ச் சுருங்கி, சினிமாவுக்கே உரிய அந்த மெல்லிய தத்தலைப் பெற்றுவிடுகிறது. மாறியது நிறத்தைவிடக் காலம்தான் என்று சொன்னாலும் பிழையில்லை.

இந்தக் கால மாற்றம் சாதாரண ரசிகரைத் தொந்தரவு செய்வதில்லை. தொந்தரவுக்கு ஆளாகிறவர் வேறொருவர்: தமக்குப் பிரியமான தொலைக்காட்சித் தொடரின் டி.வி.டி. தட்டுகளை வைத்துக்கொண்டு, வேண்டாத கிளைக்கதைகளை வெட்டி, வேண்டியவற்றை ஒட்டி, தம் மனத்துக்கு உகந்த புதிய உருவில் அதைக் கோத்துப் பார்க்கும் ரசிகர். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் முதல் அத்தியாயத்தை ஒரு படத்தொகுப்பாளர் ஏறக்குறைய 20 நிமிஷம் குறைத்து ‘த ஃபாண்டம் எடிட்’ என்ற பெயரில் உலவவிட்ட காலத்திலிருந்து இந்தக் கலைக்கு ஒரு பிரசித்தி ஏற்பட்டது. உரிமைச் சட்டத்தின் கண்ணில் அது எங்கே நிற்கும் என்பது வேறு விவகாரம். அதற்குள் நான் புகவில்லை. கத்தரியைப் பிடிப்பது எளிது. வெட்டி ஒட்டியதைக் கடைசியில் ஒரே கோப்பாக என்கோடு செய்யும்போதுதான், ஒட்டப்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றும் தத்தம் காலக் கணக்கை நீட்டி நியாயம் கேட்கத் தொடங்குகின்றன.

கணக்கின் மூலத்தைச் சற்று பார்ப்போம். பேசும்படம் வந்த 1920-களின் பிற்பகுதியில், படத்தோடு ஓடும் ஒலி சுருதி பிசகாமல் இருக்கவேண்டுமானால் சுருளும் ஒரே வேகத்தில் ஓடியாகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் பிறந்தது. அப்போது நிலைபெற்றதுதான் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 35 மி.மீ. சுருளில் நிமிஷத்துக்கு 90 அடி. தொலைக்காட்சியோ மின்சாரத்தின் மடியில் வளர்ந்த குழந்தை. அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி. ஆகவே 1941-ல் வகுக்கப்பட்ட என்.டி.எஸ்.சி. முறையில் விநாடிக்கு 60 ஃபீல்டு. ஃபீல்டு என்பது அரைப் படம்: ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் மறுதடவை, இரண்டும் பின்னி ஒரு ஃபிரேம், ஆக விநாடிக்கு 30 ஃபிரேம். வீடியோ காமிராவில் எடுத்த ஃபிரேமின் இரு பாதிகளும் ஒரே தருணத்தைச் சேர்ந்தவை அல்ல, அறுபதில் ஒரு விநாடி இடைவெளி விட்டுப் பிறந்தவை என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் வரும் சங்கடங்கள் அனைத்துக்கும் வித்து அதுவே.

இனி, 24-ஐ 60-க்குள் அடைப்பது எப்படி? இரண்டரை மடங்கு என்று கணக்கு சொல்கிறது. அரை ஃபீல்டு என்று ஒன்று கிடையாது. பொறியாளர்கள் கண்ட உபாயம், முதல் ஃபிலிம் ஃபிரேமை இரண்டு ஃபீல்டுக்கும் அடுத்ததை மூன்று ஃபீல்டுக்கும் நிறுத்தி, மறுபடி இரண்டு, மறுபடி மூன்று என்று மாற்றி மாற்றிப் போவது. நம் மிருதங்க வித்வான்கள் கண்ட நடையை வாயால் எண்ணும்போது ‘தக தகிட’ என்று சொல்வார்கள் அல்லவா? அதேதான். தக என்றால் ஒரு ஃபிலிம் ஃபிரேம், தகிட என்றால் அடுத்த ஃபிலிம் ஃபிரேம். ‘தக தகிட தக தகிட’ என்று சொல்லி முடிக்கும்போது நாலு ஃபிலிம் ஃபிரேம்கள் பத்து ஃபீல்டுகளாய், அதாவது ஐந்து வீடியோ ஃபிரேம்களாய், விரிந்துவிடுகின்றன. அந்த ஐந்தில் மூன்று சுத்தமானவை. மீதி இரண்டில் ஒரு பாதி ஒரு ஃபிலிம் ஃபிரேமையும் மறு பாதி அடுத்ததையும் சேர்ந்து நிற்கும். ஓடும் குதிரையை அந்த இரண்டில் நிறுத்திப் பார்த்தால், அதன் விளிம்பெல்லாம் சீப்பின் பற்கள்போல் கோடு கோடாகப் பிளந்திருக்கும்.

1953-ல் வர்ணம் வந்தபோது இன்னொரு முடிச்சு விழுந்தது. வர்ணச் செய்தியைத் தாங்கும் துணை அலையும் ஒலியைத் தாங்கும் அலையும் ஒன்றோடொன்று மோதித் திரையில் புள்ளிக்கோலம் போடாதிருக்க, படத்தின் வேகத்தை 1001-க்கு 1000 என்ற விகிதத்தில் சற்றே தளர்த்தினார்கள். 30 என்பது 29.97 ஆயிற்று; அதோடு பிணைந்திருந்த 24-உம் 23.976 ஆயிற்று. ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று அலட்சியம் செய்து 23.976-ஐ 24 என்று எழுதிவிடுகிறவர், மணிக்கு 3.6 விநாடி கடன்படுகிறார். 44 நிமிஷ அத்தியாயம் முடிவதற்குள் உதடு ஒரு வார்த்தையில் இருக்க, குரல் இரண்டரை விநாடி தள்ளி வேறு வார்த்தையில் இருக்கும்.

50 சுழற்சி மின்சாரம் கொண்ட நாடுகள் இந்த அவஸ்தையிலிருந்து ஒரு முரட்டு வழியில் தப்பின. 24 ஃபிரேம் படத்தை 25 ஆகவே ஓட்டிவிடுவது, அவ்வளவுதான். 100 நிமிஷப் படம் 96 நிமிஷத்தில் முடிந்துவிடும். பாட்டு முக்கால் அரைசுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து ஒலிக்கும். நம் நாட்டுத் தூரதர்ஷனும் ‘பால்’ (PAL) என்ற இந்த 50 ஃபீல்டு முறையைத் தழுவியதுதான். கிராமபோன் தட்டின் சுருதியும் தொலைக்காட்சியில் கேட்ட சுருதியும் ஒத்துப்போகவில்லை என்று அந்நாளில் காதுகூர்மையுள்ள ஒருவர் முறையிட்டிருந்தால், அவரைப் பிரமை பிடித்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ரசிகத் தொகுப்பாளருக்கு இந்த உலகம் சௌகரியமானது: 50-க்குச் சரிபாதி 25; வீடியோக் காட்சியின் ஒவ்வொரு ஃபீல்டையும் முழுப்படமாக்கி விநாடிக்கு 50 ஆகவும், ஃபிலிம் காட்சியின் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டிரண்டு தடவை காட்டியும் கோத்துவிட்டால், மான்ட்டி பைத்தன் கனவான்களின் வாசற்படியை ஒரு துளி தடுமாற்றமும் இன்றிக் கடந்துவிடலாம்.

அமெரிக்கத் தொடர்களில் அந்தப் பாக்கியம் கிடையாது. ‘ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1987-ல் தொடங்கியது; நடிகர்களை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள், ஆனால் அந்த ஃபிலிமை உடனே ‘தக தகிட’ முறையில் வீடியோ நாடாவுக்கு மாற்றி, வெட்டுதல், ஒட்டுதல், விண்கலங்களைப் பின்னணியோடு இணைத்தல், கதிர் பாய்தல் முதலிய மாயங்கள் பலவற்றைச் சேர்த்தல் எல்லாவற்றையும் நாடாவிலேயே செய்தார்கள். செலவும் நாளும் மிச்சம். பின்வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’, ‘வாயேஜர்’ தொடர்களின் கதையும் அதுதான். விளைவு என்னவென்றால், ஒரே அத்தியாயத்தில் காப்டன் பேசும் காட்சி 23.976-லும், அடுத்து வரும் விண்கலப் போர் 29.97-லும் இருக்கக்கூடும். போதாக்குறைக்கு, நாடாவில் வெட்டிய கத்தரி தாளம் பார்த்து வெட்டவில்லை. ‘தக தகிட தக’ என்ற இடத்தில் ஒரு காட்சி அறுந்து, அடுத்தது ‘கிட’ என்று பாதியில் தொடங்கும். ஒவ்வொரு வெட்டிலும் எடுப்பு மாறுகிறது.

டி.வி.டி. தட்டு இதன்மேல் தன் பங்குக் குழப்பத்தையும் சேர்க்கிறது. சில பகுதிகளில் சுத்தமான 24 ஃபிரேம்களையே பதித்து, ‘இந்த ஃபீல்டை இன்னொரு தடவை காட்டு’ என்ற குறிப்பை மட்டும் கூடவே எழுதிவைப்பார்கள். தாளத்தைப் போடும் வேலை தட்டை ஓட்டும் கருவியினுடையது. வேறு சில பகுதிகளில் தாளம் படத்திலேயே ஊறிப்போய்ப் பதிந்திருக்கும். குறிப்புகளுக்குக் கீழ்ப்படிந்து கோப்பை எடுத்தால் எல்லாம் 29.97 ஆகி நிற்கும். குறிப்புகளைப் புறக்கணித்து எடுத்தால் பாதி 23.976, பாதி 29.97 என்று கலந்து, ஒலி எங்கோ போய்விடும். முதலாவதே உசிதம். கலப்பைப் பிரிக்கும் வேலையை, கலப்பு முழுவதும் கண்முன் விரிந்த பிறகே தொடங்கவேண்டும்.

பிரிக்கும் சாமர்த்தியம் இரண்டு படிகளால் ஆனது. அவிசிந்த் என்ற எழுத்துவழிப் படத்தொகுப்பு மென்பொருளோடு வழங்கும் டி.ஐ.வி.டி.சி. என்ற கருவி, முதற்படியாக ஒவ்வொரு ஃபிரேமின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குரிய மறு பாதி அதே ஃபிரேமில் இருக்கிறதா, முந்தியதில் இருக்கிறதா, பிந்தியதில் இருக்கிறதா என்று மூன்றையும் பொருத்திப் பார்க்கிறது. எந்தப் பொருத்தத்தில் சீப்புப் பல் மிகக் குறைவாகத் தெரிகிறதோ அதுவே சரியான ஜோடி. கலைந்த கல்யாணங்களை இப்படிச் சேர்த்து வைத்தபின், ஐந்து ஃபிரேம்களில் ஒன்று பக்கத்து ஃபிரேமின் அச்சு நகலாக நிற்கும். அந்த நகலை நீக்குவது இரண்டாம் படி. நாலு மிஞ்சும், ஃபிலிம் மறுபடி ஃபிலிம் ஆகிவிடும். எடுப்பு மாறிய இடங்களில்கூட இந்த முறை தடுமாறாததற்குக் காரணம், அது தாளத்தை நம்பாமல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே கண்ணால் பார்த்து ஜோடி சேர்ப்பதுதான்.

வீடியோவாகவே பிறந்த காட்சியில் நகல் இராது. ஐந்தும் ஐந்து வேறு பிம்பங்கள். ஆகவே, ஐந்து ஐந்தாக எடுத்துப் பார்த்து, நகல் இருந்தால் ஃபிலிம், இல்லாவிட்டால் வீடியோ என்று இயந்திரம் தீர்ப்புச் சொல்லலாம் என்றே தோன்றும். தீர்ப்புச் சொல்லவும் செய்கிறது. ஆனால் விண்வெளிக் கதைகளில் இந்த நீதிபதி அடிக்கடி ஏமாறுகிறார். கரிய வானத்தில் சில நக்ஷத்திரப் புள்ளிகள் மெல்ல நகர்கின்றன. ஐந்து ஃபிரேம்களும் ஏறக்குறைய ஒன்றே. எது நகல்? அசையாமல் உட்கார்ந்து ஒருவர் யோசிக்கிறார்; எது நகல்? அமுக்கிப் பதித்த தட்டின் இரைச்சல், உண்மையான நகல்களுக்குள்ளேயும் போலி வேற்றுமையை உண்டாக்கிவிடுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் மனிதர் குறுக்கிட்டு, இத்தனையாவது ஃபிரேமிலிருந்து இத்தனையாவது வரை ஃபிலிம், அங்கிருந்து வீடியோ என்று கையால் ஒரு பட்டியல் எழுதிக்கொடுப்பதைவிட வேறு மார்க்கம் இல்லை. ஓர் அத்தியாயத்துக்கு ஒரு மாலைப் பொழுது இதில் போய்விடும். பொறுமை இல்லாதவர் இந்த விளையாட்டுக்கு வராதிருப்பது நலம்.

பிரித்தாயிற்று, இனிச் சேர்ப்பது எப்படி? எல்லாவற்றையும் 23.976 ஆக்கிவிட்டால், ஃபிலிம் காட்சிகள் அழகாக இருக்கும். விண்கலப் போரில் ஐந்துக்கு ஒரு ஃபிரேம் போய், கலம் விநாடிக்கு ஆறு தடவை நொண்டும். எல்லாவற்றையும் 29.97 ஆக்கினால், கலம் பறக்கும், மனிதர்கள் நொண்டுவார்கள். இரண்டு ஃபிரேம்களைக் குழைத்து நடுவில் ஒன்றைச் செய்யும் முறை உண்டு. அதில் ஒவ்வொரு கையும் பக்கத்தில் ஓர் ஆவியைக் கூட்டிக்கொண்டு நடக்கும். இப்போது கணினியே இடைப்பட்ட பிம்பங்களைக் கற்பித்துக் கொடுக்கிறது; கற்பித்தது காமிரா காணாதது என்பதனாலோ என்னவோ, எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நடிகரின் கண்ணிமை மூடும் வேகத்தை ஒரு சூத்திரம் தீர்மானிப்பது, ரசிகன் எடுத்துக்கொள்ளக்கூடிய சுதந்திரங்களுக்குச் சற்று அப்பால் இருக்கிறது.

விசித்திரம் என்னவென்றால், பகைபோல் தோன்றும் இந்த இரு காலங்களுக்கும் பொதுவான ஒரு மாத்திரை உண்டு. 23.976-ஐ ஐந்தால் பெருக்கினாலும் 119.88, 29.97-ஐ நாலால் பெருக்கினாலும் 119.88. விநாடியை ஏறக்குறைய 120 துளிகளாக்கினால், ஃபிலிம் ஃபிரேம் ஒன்றுக்கு ஐந்து துளி, வீடியோ ஃபிரேம் ஒன்றுக்கு நாலு துளி. கண்டமும் சதுச்ரமும் ஒரே காலப்பிரமாணத்தில் அடங்குவதுபோல் இரண்டும் அடங்கிவிடுகின்றன. ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பாதுகாத்துவந்த ரசிகர்கள், ஏ.வி.ஐ. கோப்புக்கு ஒரே வீதம்தான் தெரியும் என்ற காலத்தில், கோப்பை 120 ஃபிரேம் என்று அறிவித்து, வேண்டாத துளிகளில் வெற்று ஃபிரேம்களை வைத்து இந்த உண்மையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் 2002-ல் பிறந்த மட்ரோஸ்கா போன்ற கோப்பு வகைகள், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியே தோன்றும் நேரத்தைக் குறித்துவைத்து, அந்தத் தந்திரத்தை அநாவசியமாக்கின. ஃபிலிம் ஃபிரேம் 41.708 மில்லி விநாடி நிற்கும். வீடியோ ஃபிரேம் 33.367 நிற்கும், வீதம் என்ற ஒன்றே கோப்புக்குக் கிடையாது. மாறும் ஃபிரேம் வீதம் என்று இதைச் சொல்கிறார்கள்.

சேமித்து வைப்பதற்கு இதனினும் நேர்மையான உருவம் இல்லை. ஆனால் வெட்டி ஒட்டுவதற்கு இது உதவாது. படத்தொகுப்பு மென்பொருள்களில் பெரும்பாலானவை ஒரே சீரான படிகளை உடைய ஏணியையே அறியும். மாறும் வீதக் கோப்பை அவற்றில் ஏற்றினால், தாமே ஒரு வீதத்தை ஊகித்து, அதற்கேற்பத் தாமே ஃபிரேம்களை எறிந்தும் இரட்டித்தும், நாம் பட்ட பாட்டையெல்லாம் ஓசையில்லாமல் அழித்துவிடும். என் அபிப்பிராயம், ரசிகத் தொகுப்புக்கு 59.94 ஃபிரேம் என்ற ஏணியே தக்கது என்பது. அதில் வீடியோக் காட்சியின் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு முழுப்படமாகித் தன் வழுக்கலை முழுமையாகப் பெறும். சுத்தம் செய்யப்பட்ட ஃபிலிம் ஃபிரேம்களோ பழைய ‘தக தகிட’ நடையில் இரண்டும் மூன்றுமாக நின்று போகும், அன்று அந்தத் தொடரைத் தொலைக்காட்சியில் கண்டவர் கண்டது எப்படியோ அப்படி. கோப்பு இரண்டரை மடங்கு வீங்கிவிடுமே என்று அஞ்சவேண்டாம். முன்னதன் அச்சான ஃபிரேமை ‘மேற்படி’ என்று ஒரு சொல்லில் எழுதிவிட இக்காலத்து என்கோடர்களுக்குத் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்லவேண்டும். தாளம் ஊறிய மூலப் படத்தின்மேல் நேராகக் கத்தரியை வைக்கலாகாது. வெட்டு இரு பாதிகள் கலந்த ஃபிரேமில் விழுந்தால், நீக்கப்பட்ட காட்சியின் அரைப் பிம்பம் ஒன்று அநாதையாய் ஒட்டில் ஒரு க்ஷணம் மின்னி மறையும். இரண்டாவது, ஃபிலிம் காட்சி ஒன்றை வீடியோக் காட்சி ஒன்றுக்குள் கரையவிடுவது; கரையும் அந்த ஒரு விநாடியில் இரு காலங்களும் ஒரே திரையில் ஒருசேர ஓடவேண்டியிருக்கிறது. 59.94 ஏணியில் அது சாத்தியமே. பிற்பாடு சேமிப்புக்கென்று அதை மாறும் வீதமாகச் சுருக்க முயல்கிறவர் அங்கே மாட்டிக்கொள்வார். இயன்றவரை அத்தகைய சந்திகளில் நேர்வெட்டுப் போடுவதே உத்தமம்.

தொடரைத் தயாரித்தவர்களே இந்தப் பொறியில் கால் வைத்திருக்கிறார்கள். நடிகர் பெயர்கள் மெல்லத் தோன்றி மறையும் தொடக்கக் காட்சிகளில், பின்னால் இருப்பது 24-ல் பிறந்த ஃபிலிம்; முன்னால் தோன்றும் எழுத்து, நாடாவில் ஃபீல்டுக்கு ஒரு படி வீதம் ஒளியேறி வந்தது. எழுத்தை ஒப்புக்கொண்டால் முகத்தில் சீப்புப் பல். முகத்தை ஒப்புக்கொண்டால் எழுத்து துடிக்கிறது. அந்தச் சில விநாடிகளை நான் வீடியோ என்றே எழுதி விட்டுவிடுவது வழக்கம். ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரை உரிமையாளர்கள் 2012 முதல் புளூ-ரே தட்டுகளாக வெளியிட்டபோது, நாடாவை ஏறக்குறையத் தொடவே இல்லை. 25,000-க்கும் மேற்பட்ட ஃபிலிம் சுருள்களைக் கிடங்கிலிருந்து எடுத்து, புதிதாக ஸ்கேன் செய்து, அத்தியாயங்களை முதலிலிருந்து மறுபடி கோத்து, மாயங்களைத் திரும்பச் சேர்த்து, எழுத்துக்களையும் புதிதாகப் பொறித்தார்கள். தொடர் ஏறக்குறைய முழுவதும் ஒரே காலத்துக்குத் திரும்பியது. ‘டீப் ஸ்பேஸ் நைன்’, ‘வாயேஜர்’ இரண்டுக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. அவற்றின் ரசிகர்கள் இன்னும் பழைய டி.வி.டி. தட்டுகளை வைத்துக்கொண்டு, இந்தக் காட்சிக்கு ஐந்து துளி, அந்தக் காட்சிக்கு நாலு துளி என்று பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.